கூடிய எலும்பு

அந்த வருடம் ஓராசி கிராமத்துக்கு மேலே இருந்த பிளம் மரங்கள் கிளை ஒடியக் காய்த்திருந்தன. பறிக்க ஆள் இல்லை. பழங்கள் தாமாக உதிர்ந்து பாதையெங்கும் நசுங்கிக் கிடந்தன. காரின் சக்கரம் அவற்றின்மேல் ஏறும்போது ஈரச் சாக்கை மிதிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. குளவிகள் கண்ணாடியில் வந்து முட்டின. செப்டம்பர் கடைசி. கீழே த்ரீனா ஆறு மூடுபனிக்குள் எங்கோ இருந்தது, இருக்கிற சுவடே இல்லாமல்.

வண்டியை ஹாஸிம் ஓட்டினார். காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு பேசுவதுதான் அவர் வேலை. பதினொரு வருடமாக இந்த மலைப்பாதைகளில் ஏறி இறங்குகிறார். அவர் வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து நிற்பார்கள். நான் வழக்கமாக இதற்கெல்லாம் வருவதில்லை. என் இடம் நகரத்தில், ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில், எலும்பு அறுக்கும் அறையில்.

"நீயே பேச்சை ஆரம்பி செனியா" என்றார் ஹாஸிம். "நான் வாயைத் திறந்தாலே டவுன்காரன்னு தெரிஞ்சிடும். நீ இந்தப் பக்கத்துப் பொண்ணு. உன் பேச்சு அவங்க பேச்சு."

"என்னன்னு ஆரம்பிக்கிறது?"

"அதுதான் எனக்கும் தெரியலை."

என் மடியில் கோப்பு இருந்தது. உள்ளே மூன்று தாள்கள். ஒவ்வொன்றிலும் பதினாறு இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண்கள்.

தொண்ணூற்றைந்து ஜூலையில், போரின்போது, எதிரிப் படையினர் இந்தப் பள்ளத்தாக்கின் ஆண்களைப் பிரித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். பெரிய குழிகளில் போட்டு மூடினார்கள். இலையுதிர் காலம் வந்ததும் அந்தக் குழிகளையே இயந்திரம் வைத்துத் தோண்டி, லாரியில் ஏற்றி, வேறு வேறு சரிவுகளில் மறைத்தார்கள். அதனால் ஒருவருடைய தலை ஒரு குழியிலும் கால் இன்னொரு குழியிலும் கிடைக்கும். ஒன்று சேர்க்க ஒரே வழி டி.என்.ஏ. உயிரோடிருந்த உறவினர்கள் ஒவ்வொருவரும் விரலில் குத்தி, ஓர் அட்டையில் நான்கு சொட்டு ரத்தம் வைத்துக் கொடுத்தார்கள். எங்களிடம் வரும் எலும்புக்குப் பெயர் கிடையாது, பார்கோடு அச்சிட்ட ஒரு சீட்டு மட்டும்தான். அறுப்பவர்களுக்கு அது யார் என்று தெரியக் கூடாது. என் சொந்த ரத்தத்தின் எண்களும் அங்கே பதிவாகியிருக்கின்றன. என் கையிலிருந்து, மூச்சிலிருந்து ஏதாவது எலும்பில் ஒட்டிவிட்டால் கண்டுபிடிப்பதற்காக.

மே மாதம் ஒரு தொடை எலும்பு என்னிடம் வந்தது. மேல்பரப்பைச் சுரண்டினேன். தீப்பெட்டி அளவுக்கு, ஜன்னல் வெட்டுவதுபோல, ஒரு துண்டு அறுத்தெடுத்தேன். முகமூடிக்குள்ளும் அந்தக் கருகல் வாசனை வரும். பல் மருத்துவரிடம் போனவர்களுக்குத் தெரியும். துண்டைப் பிளீச்சில் கழுவி, தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, அரைத்தேன். கிடைத்தது ஒரு மேசைக்கரண்டி வெள்ளை மாவு. மேல்மாடிக்காரர்கள் அதைக் கரைத்து, வடிகட்டி, உள்ளே மிஞ்சியிருப்பதைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கி, எண்களாக ஆக்கினார்கள்.

அந்த எண்கள் ஓராசியில் இருக்கும் ஷெஃபிகாவின் ரத்தத்தோடும், அன்று தப்பிப் பிழைத்த அவளுடைய கணவன் ஹூஸோ சாவதற்குமுன் கொடுத்த ரத்தத்தோடும் பொருந்தின. பதினாறு இடத்திலும் ஒரு எண் அவளுடையது, மற்றது அவனுடையது. அவர்களுடைய மகன், சந்தேகமில்லை.

ஆனால் ஷெஃபிகா பதிந்திருந்தது இரண்டு மகன்களை. ஒஸ்மான், வயது இருபத்து நான்கு. நிஹாத், வயது பத்தொன்பது. ஒஸ்மானை இரண்டாயிரத்து ஏழில் அடக்கியாயிற்று, நிஹாத்தை இரண்டாயிரத்துப் பத்தில். இந்தத் தொடை எலும்பு அந்த இரண்டு பேருடையதும் இல்லை. வேறு ஒருவன். மூன்றாவது மகன்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள். சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றார்கள். வேறொருத்தி அறுத்தாள், வேறொருவர் அரைத்தார். அதே எண்கள். மூன்றாம் முறையும் அதே எண்கள். அதே குழியில் கிடைத்த ஒரு காறை எலும்பும் இவனுடையதுதான் என்று தெரிந்தது. அதன் முனை இன்னும் தண்டோடு கூடியிருக்கவில்லை, வளர்ந்து முடியாதவன். எலும்புகளை அடுக்கிப் பார்க்கும் மருத்துவர், வயது பதினேழிலிருந்து இருபதுக்குள் என்று எழுதினார். பிறகு பழைய கோப்பை எடுத்துவந்து எங்கள் முன் விரித்தார். நிஹாத் என்று நாங்கள் அடக்கியவனுக்கு இருபத்தொன்றிலிருந்து இருபத்தைந்து வயது இருக்கும் என்றுதான் அவர் அப்போதே எழுதியிருக்கிறார். இடது முன்கையில் சிறு வயதில் ஒடிந்து கூடிய தடம். வயது இடித்ததால் குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: உங்கள் மகனுக்கு இடது கை ஒடிந்திருந்ததா?

தாளில் பதில் இருந்தது. *ஆம். ஒன்பது வயதில். பிளம் மரத்திலிருந்து விழுந்தான்.* கீழே ஷெஃபிகாவின் கையெழுத்து. உடன் வந்தவர்: தெவ்லேதா, ஓரகத்தி.

அப்படியானால் நிஹாத் எங்கள் அலமாரியில் இருக்கிறான். நிஹாத்தின் கபரில் இருப்பது யார்?

வண்டி போய் நின்றது. ஒரே வாசலில் இரண்டு வீடுகள். போருக்குப் பிறகு நன்கொடையில் கட்டியவை, ஒரே சிவப்பு ஓடு, ஒரே ஜன்னல். நடுவில் கல் அடுப்பின்மேல் ஒரு பெரிய செப்புக் கொப்பரை. பெஸ்தில் கிண்டிக்கொண்டிருந்தார்கள். பிளம் பழத்தைக் கொட்டை நீக்கி, காலையிலிருந்து மாலைவரை கருகாமல் கிண்டிக் கிண்டிக் கெட்டியாக்கும் இனிப்பு. கிண்டுகிறவள் நெருப்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்பதால் துடுப்பு ஓர் ஆள் நீளம். அதன் முனையில் கொப்பரையின் அடியைச் சுரண்ட ஒரு குறுக்குப் பலகை. துடுப்பைப் பிடித்திருந்தவள் தெவ்லேதா. எழுபது தாண்டியிருக்கும், எலும்பும் தோலுமாக நெட்டையாக இருந்தாள். கொஞ்சம் தள்ளி முக்காலியில் உட்கார்ந்து பழத்தைப் பிளந்துகொண்டிருந்த குட்டையான பெண்மணி ஷெஃபிகா.

"யாரது, ஹாஸிமா? வா வா" என்றாள் தெவ்லேதா, கையை நிறுத்தாமல். "போன தடவை இருந்த தொப்பை எங்கடா? சோறு போடறதை நிறுத்திட்டாங்களா?"

"டாக்டர் குறைக்கச் சொன்னார் பெரியம்மா."

"டாக்டர் சொன்னா தொப்பையைக் குறைக்கிறே. உங்கம்மா இருபது வருஷமா கல்யாணம் பண்ணிக்கோன்னு சொல்றா, அது காதுல விழலை."

"பொண்ணு பாருங்க, பண்ணிக்கிறேன்."

"இந்த ஊர்ல இருக்கிற பொண்ணுங்க நாங்க ரெண்டு பேர்தான். இவளைக் கட்டிக்கோ, கொஞ்சம் சின்னவ."

ஷெஃபிகா சிரிக்கவில்லை. ஹாஸிமின் கையில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். அது என் கையில் இருந்தது. அதைப் பார்த்தாள்.

"இது யாரு பொண்ணு?" தெவ்லேதா என் பக்கம் தாடையை ஆட்டினாள்.

"செனியா, பெரியம்மா. கீழே லூகா ஊரு. சால்கோவோட மக."

"மில்லுக்காரன் சால்கோவா? எங்க மாவெல்லாம் அவன் அரைச்சதுதானே. தராசுல கட்டை விரலை வெச்சு அழுத்துவான், கடன்காரன். கிடைச்சானா?"

"பாதி கிடைச்சார்."

"பாதியா." துடுப்பு ஒரு சுற்று போய் வந்தது. "சரி. மீதி வரட்டும். அவசரப்பட்டு அடக்கிடாதீங்க. நீ அங்க என்ன பண்றே, டைப் அடிக்கிறியா?"

"எலும்பு அறுத்து அரைக்கிறேன்."

"அப்பன் கோதுமை அரைச்சான், மக எலும்பு அரைக்கிறா." அதில் ஏளனம் இல்லை. "எப்படின்னு சொல்லு. ரத்தம் கொடுத்ததோட சரி, அப்புறம் என்ன நடக்குதுன்னு இவன் ஒரு நாளும் ஒழுங்கா சொன்னதில்லை."

நான் சொன்னேன். அரைத்த மாவை ஒரு திரவத்தில் ஊற வைப்போம், சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோகும் என்றேன். அடியில் கண்ணாடி நார்போல ஒன்று வைத்த சின்ன வடிகட்டியில் ஊற்றுவோம், மண், அழுக்கு எல்லாம் இறங்கிவிடும், நமக்கு வேண்டியது மட்டும் நாரில் ஒட்டிக்கொள்ளும் என்றேன். அது கண்ணுக்கே தெரியாத அளவு, அதனால் சூடாக்கிக் குளிரவைத்து, சூடாக்கிக் குளிரவைத்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கிப் பெருக்குவோம் என்றேன்.

"புளிச்ச மாவு பொங்கற மாதிரி."

"அப்படித்தான். பெருகினதை மின்சாரம் வெச்சு ஒரு மெல்லிய குழாய்ல ஓட விடுவோம். குட்டையானது வேகமா ஓடும், நீளமானது பின்னால வரும். எது எப்போ வந்ததுன்னு பார்த்தா அதோட நீளம் தெரிஞ்சிடும். அந்த நீளந்தான் எண். பதினாறு இடத்துல பார்க்கிறோம். ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு எண். ஒண்ணு அம்மா கொடுத்தது, ஒண்ணு அப்பா கொடுத்தது."

"பதினாறு இடத்துலயுமா?"

"பதினாறுலயும்."

"தவறாதா?"

"எப்பவாவது ஒரு இடத்துல மாறும். பதினாறும் மாறாது."

தெவ்லேதா கொப்பரைக்குள் பார்த்தபடி கிண்டினாள். கருஞ்சிவப்புக் குழம்பு கொப்புளம் விட்டு வெடித்தது. "நான் ரத்தம் கொடுத்து பதினொரு வருஷம்" என்றாள். "என்னோடது யாரோடயும் ஒட்டலை. ஒரு விரல் எலும்போடகூட ஒட்டலை."

அவளுடைய கணவன் அவ்தோ, தன் தம்பியான ஹூஸோவின் ரத்தத்தை வைத்துக் கிடைத்துவிட்டான். மகன் காசிம் மட்டும் கிடைக்கவில்லை. இருபத்திரண்டு வயது. அவன் பெயர் என் கோப்பில் இல்லை. நான் அவனைப் பற்றி அதுவரை நினைக்கவே இல்லை. இருபத்தொன்றிலிருந்து இருபத்தைந்து என்று மருத்துவர் எழுதியிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஹாஸிமைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"ஷெஃபிகா சித்தி" என்றார் ஹாஸிம், "உங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசணும்."

"தனியா என்ன?" என்றாள் தெவ்லேதா. "இந்த வாசல்ல தனியான்னு ஒண்ணும் கிடையாது." ஆனால் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "இந்தா, பிடி. நான் காப்பி போட்டுட்டு வர்றேன். கை நிக்கக் கூடாது. நின்னா அடி பிடிச்சிடும். எட்டு போடற மாதிரி ஓட்டணும், நடுவுல விட்டுட்டு ஓரமா ஓட்டக் கூடாது."

துடுப்பு நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தெவ்லேதா தன் வீட்டுக்குள் போனாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. செம்புக் குவளையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஹாஸிம் ஷெஃபிகாவின் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "சித்தி, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"தெரியாத மாதிரி கேக்கறே. ரெண்டு பசங்க. ஒரு பொண்ணு, முனீரா, ஆஸ்திரியால இருக்கா."

"ரத்தம் மூணு பசங்கன்னு சொல்லுது."

அவள் ஒரு பழத்தைப் பிளந்தாள். கொட்டை வரவில்லை. கட்டை விரலால் நோண்டினாள்.

"மெஷின் தப்பு பண்ணியிருக்கும்."

"மூணு தடவை பண்ணினோம். ஆளை மாத்திப் பண்ணினோம். இப்போ வந்திருக்கிறதுதான் சித்தி நிஹாத். வயசு சரியா இருக்கு. அலமாரில இருக்கான். கபர்ல வேற யாரோ இருக்கான். அது யாருன்னு நீங்க சொன்னாத்தான் நிஹாத்தை நிஹாத்துன்னு எழுத முடியும். ஏற்கெனவே அடக்கின பேருக்கு மறுபடி ஒரு காகிதம் கொடுக்க மாட்டாங்க. சொல்லலைன்னா அவன் நம்பராவே இருப்பான்."

"எத்தனை நாள்?"

"எத்தனை நாள்னா? எப்பவுமே."

ஷெஃபிகா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மெதுவா பேசு." பிறகு என்னிடம், "கையை நிறுத்தாதே பொண்ணு."

நான் நிறுத்தியது எனக்கே தெரியவில்லை. மறுபடி ஓட்டினேன்.

"அவளுக்கு நாலு பிள்ளை தங்கலை" என்றாள் ஷெஃபிகா. உதடு அசைவது தெரியாமல் பேசினாள். "நாலாவது போனப்புறம் பேச்சையே விட்டுட்டா. கிணத்துப் பக்கம் போய் நின்னுட்டே இருப்பா. எனக்கு ஒஸ்மான் நடக்க ஆரம்பிச்சிருந்தான், வயித்துல இன்னொண்ணு. அவ கேக்கலை. ஒரு வார்த்தை கேக்கலை. நான்தான் கொடுத்தேன். அந்தக் குளிர்காலம் நாங்க ரெண்டு பேரும் அவ பொறந்த வீட்டுக்குப் போயிட்டோம், மலைக்கு அந்தப் பக்கம். திரும்பி வரும்போது பிள்ளை அவ மடியில. நாப்பது நாள் நான் பால் கொடுத்தேன், அப்புறம் பால் வத்தட்டும்னு மாரைத் துணியால கட்டிக்கிட்டேன். ஊருக்குத் தெரியாது. அவ்தோ மேசை மேல ரொட்டியை வெச்சார். நாலு பேரும் அதுமேல கை வெச்சோம். இவன் தெவ்லேதாவோட மகன். வேற பேச்சு எந்த வாயிலேர்ந்து வருதோ அந்த வாய் ரொட்டியைப் பார்க்காம போகட்டும்."

"காசிம்" என்றேன்.

"பேரைச் சொல்லாதே."

"அன்னிக்கு டாக்டர் கேட்டாரே சித்தி" என்றார் ஹாஸிம், "கை ஒடிஞ்சதான்னு. ஆமான்னீங்களே."

"உங்க மகனுக்குக் கை ஒடிஞ்சிருந்ததான்னு கேட்டார். எந்த மகன்னு கேக்கலை. எம் மகனான்னு கேட்டார். ஆமான்னுட்டேன். அவன் பொறந்ததுலேர்ந்து யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை. வாய் தானா சொல்லிடுச்சு." கத்தியை மடியில் வைத்தாள். "சொன்னப்புறம்தான் புரிஞ்சது, அங்க மேசைல கிடக்கிறது யாருன்னு. மாத்திச் சொல்லலாம். மாத்தினா ஏன்னு கேப்பாங்க. அவ என் பக்கத்துல உக்காந்திருக்கா. ஒருத்தனாவது மண்ணுக்குள்ள போகட்டும்னு கையெழுத்துப் போட்டேன். நிஹாத் பேருல அவனை அடக்கினேன். நிஹாத் வரவே மாட்டான்னு நினைச்சேன். கடவுள் மன்னிக்கட்டும், வராம இருக்கணும்னுகூட நினைச்சேன். வந்துட்டானே."

ஜன்னலுக்குள் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. காப்பி பொங்கும் வாசனையும் வரவில்லை.

தெவ்லேதா தட்டோடு வெளியே வந்தாள். நான்கு கோப்பைகள் இருந்தன. காப்பிச் செம்பு காலி. அவள் அதைக் கவனிக்கவில்லை. தட்டை மரக்கட்டையின்மேல் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கொடு. உனக்குத் தோள் வலிக்கும்."

துடுப்பை வாங்கிக்கொண்டாள். ஒரு சுற்று ஓட்டினாள், அடியை மோந்துபார்ப்பதுபோலக் குனிந்தாள்.

"அது பிளம் மரம் இல்லைடி" என்றாள்.

ஷெஃபிகா நிமிர்ந்தாள்.

"அவன் விழுந்தது பிளம் மரத்துலேர்ந்து இல்லை. வால்நட் மரம், மேலத் தோட்டத்துல இருந்துதே, இடி விழுந்தது. நீ அன்னிக்கு வைக்கோல் போர் போடப் போயிருந்தே. நான்தான் தூக்கிட்டு வந்தேன். கூரைப் பலகை ரெண்டை வெச்சு, முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, என் தலைத்துணியைக் கிழிச்சுக் கட்டினேன். சாயங்காலம் நீ வந்து எப்படி விழுந்தான்னு கேட்டே. மரத்துலேர்ந்துன்னேன். எந்த மரம்னு நீ கேக்கலை. உனக்குப் பிளம் மரம்னு மனசுல தங்கிப்போச்சு." துடுப்பு எட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது. "டாக்டர் ரூம்ல நீ பிளம் மரம்னு சொன்னப்போ எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. இல்லைங்க, வால்நட்னு. கடிச்சுக்கிட்டேன்."

விறகு ஒன்று சரிந்து பொறி பறந்தது.

"உனக்குத் தெரியுமா அக்கா?" ஷெஃபிகாவின் குரல் குழந்தையின் குரல்போல இருந்தது.

"ரெண்டு வருஷமா தினம் காலைல நிஹாத்தோட கபருக்கு யார் முதல்ல போறா? உன் மகனுக்கு நான் எதுக்கு பாத்திஹா ஓதறேன்னு நீ ஒரு நாள் கேட்டியா?"

"கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயந்தேன்."

"நான் சொன்னா அவன் எனக்கு இல்லாம போயிடுவானோன்னு நான் பயந்தேன். நீ சொல்லலை, நான் சொல்லலை. நல்லாத்தான் இருந்தது." அவள் ஹாஸிம் பக்கம் திரும்பினாள். "அந்தச் சின்னவன் எங்கே இருக்கான்?"

"அலமாரில, பெரியம்மா."

"எந்த மாதிரி அலமாரி?"

"இரும்பு. பைல வெச்சு, தட்டுல."

"ஜன்னல் இருக்கா?"

"இல்லை."

"இருட்டுல தூங்க மாட்டானே அவன்" என்றாள் தெவ்லேதா. "பதினஞ்சு வயசு வரைக்கும் விளக்கை அணைக்க விட மாட்டான். எழுது. என்ன எழுதணுமோ எழுது."

ஹாஸிம் பேனாவை எடுத்தார். படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டார். *காசிம்* என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"தாய் பேரு" என்றார்.

"ஷெஃபிகான்னு போடு" என்றாள் தெவ்லேதா.

"போடாதே!" ஷெஃபிகா எழுந்துவிட்டாள், மடியிலிருந்த பழங்கள் உருண்டன. "போட்டியானா இந்தக் கொப்பரைல கையை விட்டுடுவேன்."

"பதினாறு இடம்டி. மெஷின் சொல்லுது."

"மெஷினா கட்டு கட்டிச்சு? மெஷினா முட்டை உடைச்சுது?"

"கத்தாதே. கீழ்வீட்டுக்காரி மூக்கை நீட்டிட்டு நிக்கறா பாரு."

"பிறப்புப் பதிவுல யார் பேரு?" என்றார் ஹாஸிம் களைப்பாக.

"என் பேரு" என்றாள் தெவ்லேதா.

"அப்போ எனக்கு அதுதான். ரத்தத் தாள்ல நம்பர் மட்டும் இருக்கும், பேர் இருக்காது. கல்லுல காசிம்னு போட்டு அடைப்புக்குள்ள அப்பா பேரு அவ்தோன்னு போடுவாங்க. வேற எதையும் யாரும் கேக்கப் போறதில்லை." அவர் எழுதினார். எழுதியதும் அவர் முகம் தெளியவில்லை. "ஆனா பழைய காகிதத்தை ரத்து பண்ணணும். கபரைத் திறக்கணும். எலும்பை எடுத்துட்டுப் போய் மறுபடி பார்க்கணும். அப்புறம்தான் ரெண்டு பேரையும் கொடுப்பாங்க."

"திறந்தா, குழி எத்தனை நாள் காலியா கிடக்கும்?" தெவ்லேதா கேட்டாள்.

"பத்து நாள். பதினஞ்சுகூட ஆகலாம்."

அவள் கை நின்றது. துடுப்பைப் பிடித்திருக்கையில் அது நின்றது அதுவே முதல் தடவை. எங்கள் பள்ளத்தாக்கில் வெட்டிய குழியை ஒரு பொழுதுகூடக் காலியாக விடமாட்டார்கள். மழையானாலும் பனியானாலும் அன்று வெட்டியதை அன்றே நிரப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது அந்த வீட்டிலிருந்தே ஒருவரைக் கேட்கும். என் அம்மா இன்றும் தோட்டத்தில் மரம் நட வெட்டிய பள்ளத்தைக்கூடச் சாயங்காலத்துக்குள் மூடிவிடுவாள்.

"அதெல்லாம் பழைய நம்பிக்கை பெரியம்மா" என்றார் ஹாஸிம்.

"நீ டவுன்காரன்" என்றாள் தெவ்லேதா.

கருகல் வாசனை எழுந்தது. ஷெஃபிகா ஓடிவந்து துடுப்பின் பாதிக் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டினார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல். அடி பிடித்துவிட்டிருந்தது. இருந்தாலும் இறக்கிவைத்துப் புட்டிகளில் நிரப்பினார்கள். எனக்கு ஒன்று கொடுத்தார்கள்.

அக்டோபர் கடைசியில் கபரைத் திறந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. மருத்துவர் மண்ணில் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். இடது முன்கை வந்ததும் தெவ்லேதா கையை நீட்டினாள். கொடுக்கக் கூடாது. கொடுத்தார். அவள் அந்தத் தடித்த இடத்தைக் கட்டை விரலால் தடவினாள், ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே.

"கோணலா கட்டியிருக்கேன்" என்றாள்.

நாங்கள் எலும்பை எடுத்துக்கொண்டு இறங்கினோம். எண்கள் மாறவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் ஒரு முத்திரைக்காகக் காகிதம் நின்றது. பத்து நாள், பதினைந்து நாள், பத்தொன்பது நாள் ஆயிற்று. இருபதாம் நாள் ஒரு கையெழுத்துக்காக நானும் ஹாஸிமும் மறுபடி மேலே போனோம். மரங்களில் இலை இல்லை. வாசலில் கொப்பரை கவிழ்ந்து கிடந்தது, சுத்தமாகத் துலக்கியிருந்தது. ஷெஃபிகா மட்டும் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பெரியம்மா எங்கே?"

"தூங்கறா."

பகல் பதினோரு மணி. "இந்த நேரத்துலயா?"

"மூணு நாளாச்சு. கண்ணைத் திறக்கறா, தண்ணி குடிக்கிறா, தூங்கறா. ரொட்டி கொடுத்தா வாயை மூடிக்கிறா." அவள் எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டாள். "வாங்க, வந்து பாருங்க."

எங்களை வீட்டுக்குள் அழைத்துப்போவாள் என்று நினைத்தேன். கபர்கள் இருக்கும் மையவாடிக்கு அழைத்துப்போனாள். ஈரப் புல்லில் அவள் முன்னால் நடந்தாள். நிஹாத்தின் பெயர் எழுதிய கல் சாய்த்து வைத்திருந்தது. அதன் காலடியில் குழி, ஓரங்கள் மழையில் சரிந்து கொஞ்சம் அகன்றிருந்தன.

உள்ளே, களிமண்மேல், தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை நீளமாக, பெஸ்தில் கிண்டும் துடுப்பு படுத்திருந்தது. குறுக்குப் பலகையில் கருகிய பழம் இன்னும் ஒட்டியிருந்தது. குளிரில் தப்பிய ஒரே ஒரு குளவி அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது.

"நீங்க எடுத்துட்டுப் போன அன்னிக்கே அவதான் போட்டா. குழிக்கு ஆள் இருக்குன்னு தெரியட்டும்னு" என்றாள் ஷெஃபிகா. ஹாஸிமின் கையிலிருந்து பேனாவை வாங்கி, காகிதத்தை என் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பேனாவின் முனை துணி வழியாக என் தோளெலும்பில் அழுந்தியது. "சீக்கிரம் கொண்டு வாங்கடா. ரெண்டு பேரையும் கொண்டு வாங்க. ஒரு கட்டையை எத்தனை நாள்தான் நம்பறது?"